மணிக்கட்டு

காலை ஐந்தே காலுக்கே
கோல்-தெ-ரோஷ் சுரங்கத்தின் வாயில்
கார்கள் வால் நீட்டிப் படுத்திருக்கும்.
பிரெஞ்சுப் பக்கம் தூங்கி
ஸ்விஸ் பக்கம் சம்பாதிக்கிறவர்கள் நாங்கள்.
என் ரெனோவின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது.
திருத்தவில்லை.
எனக்கென்று இருக்கும் ஒரே ஆடம்பரம் அந்த ஏழு நிமிடம்.

என் வேலை முள் வைப்பது.
வலக்கண்ணில் லென்ஸ், விரல் நுனிகளில் ரப்பர் உறை,
இடுக்கியில் எடுத்து, மூச்சை நிறுத்தி
முதலில் மணிமுள்,
அதன்மேல் நிமிடமுள்,
கடைசியாக, தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த நொடிமுள்.
ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து.
பதினாறு வருடமாக முள் நடுகிறேன்,
ஒன்றுகூட என் கையில் தைத்ததில்லை.

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன்,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
விமான நிலையச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள்.
சாயங்காலம் வாசலில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.
பச்சை எரிந்தால் வீட்டுக்கு.
சிவப்பென்றால் பக்கத்து அறைக்கு, காலணியைக் கழற்றி.
லுர்தெஸுக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை சிவப்பு.
"என் நேரம் சரியில்லை" என்று சிரித்தாள்,
ஓட்டைக் காலுறையோடு.

மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் ஓஜீன்
தபால்காரராக இருந்தவர்.
அறுபத்தெட்டில் ஒரு மாதச் சம்பளத்துக்கு
இதே பெயரில் ஒன்று வாங்கினாராம்.
அதைக் கட்டிக்கொண்டுதான் பனியில் சைக்கிள் மிதித்தார்,
விறகு பிளந்தார், இரண்டு பன்றிகளை அறுத்தார்.
இப்போது மகன்கள் அதை வங்கி லாக்கரில் வைத்துவிட்டார்கள்.
"மணி பார்க்க வங்கிக்குப் போக வேண்டியிருக்கிறது,
அதுவும் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை" என்கிறார்.

எனக்கு மணிக்கு இருபத்து நான்கு பிராங்க்.
அதற்குப் பத்தாயிரத்து எண்ணூறு.
வகுத்தால் நானூற்றைம்பது மணி நேரம்,
நேரம் என்ன என்று தெரிந்துகொள்ள.
அதுவும் சாப்பிடாமல், பெட்ரோல் போடாமல்.
சாப்பிட்டும் போட்டும்
ஒன்பது வருடம் ஆயிற்று.

ஐம்பது வயதான பிப்ரவரியில் ஜெனீவாவுக்குப் போனேன்.
வேடிக்கை பார்க்க இல்லை. வாங்க.
நல்ல கோட்டு என்று அக்காவுடையதைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தேன்.
கோரந்தான் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
தண்ணீர் கொடுத்தான், அதில் எலுமிச்சைத் துண்டு மிதந்தது.
பட்டியல் இருக்கிறது என்றான். இரண்டு வருடம், மூன்றும் ஆகலாம்.
"இதற்கு முன் எங்களிடம் என்ன வாங்கியிருக்கிறீர்கள்?"

வாங்கியதில்லை, தம்பி.
கொடுத்திருக்கிறேன்.
இதைச் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்தேன்.

காட்சிக்கு வைத்திருந்த ஒன்றை
வெள்ளைக் கையுறையோடு எடுத்துக் கட்டிவிட்டான்.
தங்கத்தைப் பார்க்கவில்லை நான், முள்ளைத்தான் பார்த்தேன்.
பன்னிரண்டில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக
இம்மி பிசகாமல் நின்றன.
நான் வைத்ததோ லுர்தெஸ் வைத்ததோ, தெரியவில்லை.
கைக்கு எட்டியது மணிக்கட்டுக்கும் எட்டிற்று,
நாலு நிமிடம்.

கழற்றும்போது அவன் சட்டைக் கைக்குள் ஒன்று மின்னியது.
"உங்களுடையதா?"
மேலாளர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு,
"கடையுடையது. ஏழு மணிக்குக் கழற்றித் தட்டில் வைத்துவிடுவேன்."
"அப்புறம்?"
"அப்புறம் பஸ். அன்மாஸில் வீடு."
அவனும் எல்லை தாண்டுகிறவன்தான்.
கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தான்.
அவன் மணிக்கட்டில்
வார் அழுத்திய தடம் சிவந்திருந்தது,
கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.

ஏப்ரலில் விலை இன்னும் எழுநூறு ஏறியது.
லுர்தெஸ்தான் வந்து சொன்னாள், இடைவேளையில், வாயில் ரொட்டியோடு.
அன்றைக்கும் நாற்பத்தைந்து வைத்தேன்.

அந்தப் பணத்தில் பாய்லரை மாற்றினோம், குழாய்களோடு சேர்த்து.
ஜெர்மன் பாய்லர். பட்டியலில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.
ராத்திரி சூடேறும்போது
டிக், டிக் என்கிறது.