எட்டாவது ஆணி

உப்புவெளியில் விடிய நாலரை.
இரவு முழுக்கக் கச்சான்
கூரைத் தகரத்தைக் கிளப்பிக் கிளப்பிப் பார்த்தது.
இப்போது கரையிலிருந்து கடலைப்
பின்பக்கமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறது.
பல் டொக்டர் இன்ஃபாசுக்கு எட்டு மணிக்கு
வாய் திறந்தபடி ஆட்கள் காத்திருப்பார்கள்.
அதற்கு முன் ஒரு ஓட்டம் வேண்டும்.
"தெக்லா, சின்னச் செட்டையைப் பூட்டி வையும்."

பலகையைப் பழைய டயரில் கவிழ்க்கிறேன்.
கம்பம் மேலே நிற்கிறது. அதன் உச்சியில்,
சீனக்குடா ஓடுபாதையைத் தவறவிட்ட
ஒரு குட்டி விமானம்.
முன்செட்டை, பின்செட்டை,
இரண்டையும் பிடித்திருக்கும் முள்ளந்தண்டு.
எல்லாமாக எட்டுப் புரியாணி.

பெயர் வைக்க நான் கஷ்டப்படவில்லை.
காகத்துக்கும் செட்டை,
பாரை மீனுக்கும் செட்டை.
தண்ணீருக்குள் பறக்கும் ஒன்று வரும் என்று
இந்தச் சொல்
எவ்வளவு காலம் காத்திருந்ததோ.

மூன்று ஆணி கழன்றது.
நாலாவது, மாட்டன் என்றது.
போன ஞாயிறு வாடகைக்கு எடுத்த கொழும்புப் பெடியன்
கழுவாமல் சாத்திவிட்டுப் போனவன்.
இரும்பு ஆணி, அலுமினிய உடம்பு,
இடையில் தரகராக உப்புத்தண்ணீர்:
ஒரு கிழமைக்குள் கலியாணம் முடிந்துவிட்டது.
இழுத்தால் தலை வழுகும். அடித்தால் புரி போகும்.
செட்டையின் கார்பனுக்கு ஈரத்துணி சுற்றி,
காய்ச்சல்காரிக்குச் சுற்றுவது போல,
ஈயம் பற்றவைக்கும் கோலை
ஆணியின் நெற்றியில் வைத்து
நூறு எண்ணினேன்.
பிறகு இன்னொரு நூறு.

டக்.

கடலில் கேட்டிருக்கும்.

டொக்டர் வந்து சேர்ந்தார், கழற்றிய பெரிய செட்டையைத் தூக்கி
முன்விளிம்பில் நகத்தை ஓட்டினார்.
புறாத்தீவுப் பக்கம் கல்லில் கொத்திய இடம்.
போன மாதம் அவரே தன் கரண்டியால்
பசை நிரப்பி, தேய்த்து, மினுக்கித் தந்தது.
"நிற்குது, என்ன?" என்றார்.
நிற்குது. காசும் வாங்கவில்லை,
கொப்பளிக்கச் சொல்லவும் இல்லை.

சின்னது ஓடும்போது முனகும்.
பின்விளிம்பை அறுநூறாம் நம்பர் தாளால்
தண்ணீர் தொட்டு, ஒரே திசையில், எட்டுத் தரம்.
வால் கொஞ்சம் நிமிர வேண்டும்:
முடிந்துபோன றீலோட் காட்டில் ஒரு துண்டு வெட்டி
அடியில் செருகினேன்.
பூட்டி முடித்து நிமிர,

காற்று இல்லை.

தென்னோலை ஒன்று, பாதிச் சொல்லில் நிறுத்தியது போல.
இருவரும் கடலைப் பார்த்தோம்.
அது எங்களைப் பார்க்கவில்லை.
சின்னச் செட்டைக்குப் பெரிய காற்று வேண்டும்.
இந்த மூச்சுக்குப் பெரியதுதான் சரி.
நான் ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்தேன்.
அவரும் ஒன்றும் பேசாமல் டயரைப் பிடித்தார்.

ஆறேகாலுக்கு இறங்கினார்.
கையில் காற்றடித்த சிறகு, காலடியில் பெரிய செட்டை.
இரண்டு தரம் விழுந்தார்.
மூன்றாம் தரம் பலகை தண்ணீரை விட்டது.
அலம்பல் சத்தம் அப்படியே அறுந்துபோய்
ஒரு ஆள் மட்டும்
ஒரு முழ உயரத்தில்
வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்.
முனகல் இல்லை.
நான் கவனித்தது அதைத்தான்.

பிறகு குழாய்த்தண்ணீர், துணி, நிழல்.
எல்லாம் கழற்றி, கிறீஸ் தொட்டு,
பால்மா டின் மூடியில் ஆணிகளை எண்ணினேன்.
ஏழு.
திரும்ப எண்ணினேன். மணலை அரித்தேன்.
நாயைக்கூட எழுப்பிப் பார்த்தேன்.

அன்றைக்குப் பின்னேரப் பூசையில்
காணிக்கைப் பை வந்தது.
பேர்சுக்குள் விரல் விட்டு, பார்க்காமல்
ஒரு குத்தியைப் போட்டேன்.
சத்தம் பத்து ரூபாய் மாதிரித்தான் இருந்தது.
பை மூன்று வாங்கு தாண்டிப் போன பிறகுதான்
விரல் நுனியில் வழுவழுப்பு.

நாளைக்குச் சங்கிலித்தாமிடம் கேட்க வேண்டும்.
என்னவென்று கேட்பது?
ஆறு மில்லிமீற்றர், இருபது நீளம்,
கிறீஸ் பூசியது.