தம்

மூச்சை இழுங்க. பிடிங்க.
முழுங்குங்க. உடனே இருமுங்க.
இருமின பிறகுதான் மூச்சு.

மதுரை ஆஸ்பத்திரியில் ஜெபசெல்வி
விரல் மடக்கிச் சொல்லித்தந்தபோது
எனக்குச் சிரிப்பு வந்தது. குரல் வரவில்லை.
யாரிடம், பிள்ளை?
அப்பா தீவுக்குத் தெற்கே
ஆறு பாகத் தண்ணீரில்
காலில் அலுமினியத் தட்டும் கழுத்தில் வலைப்பையுமாக
மணலில் சங்கு ஊர்ந்த கோட்டை
மூக்கால் முகர்வதுபோல் தொடர்ந்து போனவனிடம்
தம் பிடிக்கச் சொல்கிறாய்.

கேள், இருபத்தாறு வருடம்.
ஒரு சொட்டு உள்ளே போனதில்லை.

இப்போது ஒரு தேக்கரண்டி.
எவர்சில்வர், காம்பு வளைந்தது,
பேரன் மருந்துக்கு வாங்கியது.
அதிலிருக்கும் தண்ணீரைப் பார்த்தால்
அடிவயிறு குளிர்கிறது.

சோறு கூடப் பரவாயில்லை, தண்ணிதான் ஆபத்து
என்றாள் அந்தப் பெண்.
வெள்ளைக் கரைசல் ஒன்றைக் குடிக்கவைத்து
திரையில் என் தொண்டையை எனக்கே காட்டினாள்.
இறங்குகிறது.
கவட்டையில் நிற்கிறது,
வழி கேட்க ஆளில்லாத வெளியூர்க்காரன் மாதிரி.
பாதி, போகவேண்டிய பக்கம்.
மீதி, சத்தமில்லாமல், நெஞ்சுக்கு.
இருமல்கூட வரவில்லை பாருங்க, அதுதான் பயம் என்றாள்.

முப்பத்துமூன்று நாள் கதிர்.
வெந்நீரில் இளக்கிய வலையை முகத்தில் அழுத்தி
காய்ந்ததும் அதோடு சேர்த்து
மேசையில் பூட்டினார்கள்.
கணவாய் வலையில் கிடக்கிறதைப் பார்த்திருக்கிறேன்,
நிறம் மாறி மாறி, மை கக்கி.
நான் மை கக்கவில்லை.
யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன்,
பாதியில் மறந்து, முதலிலிருந்து.

கட்டி போயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.
கூடவே எச்சிலும்.
வாய், வாலிநோக்கம் உப்பளம். சித்திரை மாதம்.

நெய்னாவின் மகள் நிக்காஹ்வுக்குப் போனேன்.
சஹனில் ஐந்து பேர் உட்கார்ந்தோம்.
நால்வர் மறுசோறு வாங்கிவிட்டார்கள்.
நான் முதல் உருண்டையை
மென்று, மென்று,
தாடையை நெஞ்சில் ஒட்டி, தம் பிடித்து,
கண்ணை மூடி...
திறந்தபோது யாரும் சாப்பிடவில்லை.
என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
கயிற்றைப் பிடித்துக்கொண்டு
வள்ளத்தில் நிற்பவர்கள் மாதிரி.
சிக்கந்தர் மட்டும், ஏதோ மறந்துபோனவன்போல,
கறியைத் தன் பக்கம் ஒதுக்கி
குழம்பை என் பக்கம் வழித்துவிட்டான்.
அவனோடு எட்டு வருடம் பேச்சு இல்லை.
சங்குக் கணக்கில் தகராறு.
கணக்கு இன்னும் தீரவில்லை என்பதையும்
சொல்லிவிடுகிறேன்.

ராவியத் தொதல் கிண்டுவதை நிறுத்திவிட்டாள்.
நான் கேட்டால், தேங்காய் விலை என்கிறாள்.
வாசனை போதும் எனக்கு, கிண்டு என்றேன்.
வாசனையாவது தொண்டையில் நிற்காமல் போகிறதே.

நோன்பு மாதம் கொஞ்சம் சுகம்.
மஃரிபு பாங்கு கேட்டதும்
ஊரே என் சாப்பாட்டைச் சாப்பிடுகிறது:
கஞ்சி.

இரவில்தான் பயிற்சி.
அடுப்படியில், குழாயடியில் நின்று.
மாவு கலக்காத வெறும் தண்ணீர், அரைக் கரண்டி.
இழு.
பிடி.
உள்ளே ஒரு கதவு,
முன்பு தானாகச் சாத்திக்கொண்டது,
இப்போது ஒவ்வொரு முறையும்
எழுந்துபோய்த் தாழ் போட வேண்டியிருக்கிறது.
முழுங்கு.

உள்ளறையில் மின்விசிறி சுற்றுகிறது.
அவள் தூங்கவில்லை.
கரண்டி வைக்கும் சத்தத்திலிருந்து
எண்ணிக்கொண்டிருக்கிறாள்,
கல்யாணமான புதிதில் கரையில் நின்று எண்ணியதை
இப்போது பாயில் படுத்து.

இன்று கொஞ்சம் நேரமாகிவிட்டது.
நான் இருமுவதற்குள்
இருட்டிலிருந்து கேட்கிறாள்:

மேல வந்துட்டீங்களா?