முரசுக்குக் கீழே

கறுவலின் வாய் மணத்தது.
பிணம் கிடந்த கிணறு மாதிரி என்றான் நிமலகாந்தன்.
என் தம்பிக்கு எல்லாவற்றுக்கும் ஓர் உவமை இருக்கும்,
காசு மட்டும் இருக்காது.

கரடிப்போக்குச் சந்தி தாண்டி
புதிதாய்த் திறந்த மிருக வைத்தியசாலையில்
டொக்டர் ரிஸ்மியா நாயின் சொண்டைத் தூக்கிக் காட்டினா.
கடைவாயில் காவி, கல்லாய் இறுகி,
மஞ்சள், விளிம்பில் பச்சை.
"மயக்கித்தான் செய்யவேணும்."
ஒரு துண்டில் எழுதித் தந்தா:

இரத்தம் பார்க்க ஆறாயிரத்து ஐந்நூறு.
மயக்கம், குழாய், சேலைன், பதினாலாயிரம்.
சுரண்டி மினுக்க ஒன்பது.
பிடுங்கவேண்டி வந்தால் அது வேற.

துண்டை நாலாய் மடித்தேன்.
முகமாலையில் முழங்காலில் நின்று
நான் மண் சுரண்டும் பதினைந்து நாள்
அந்த மடிப்புக்குள் கிடந்தது.

"சந்தையடியில ஒரு பெடியன் இருக்கிறான்,
மயக்கமே இல்லை, நாலாயிரம்,
ரெண்டு பேர் பிடிச்சால் கால் மணித்தியாலம்,
பல்லெல்லாம் பளிச்செண்டு வரும்" என்றான் தம்பி.

பளிச்.
அந்தச் சொல்லோடு எனக்கொரு பழைய கணக்கு இருக்கிறது.
புல்லை எரித்துவிட்டு
துப்பரவாக்கியாச்சு என்று
உழவு மெசினை இறக்கினார் ஒரு காணிக்காரர்.
மெசினின் சில்லைப் பனை வட்டில் கண்டெடுத்தோம்.

மேலே இருப்பது என் வேலையில்லை.
பல்லுக்கும் அப்படித்தானாம்:
முரசுக்குக் கீழே போகவேணும்,
முழித்திருக்கிற நாய் அங்கே விடாது,
துள்ளும், கூர்க்கம்பி கிழிக்கும்.

ஆனால் கறுவலுக்குப் பதினொரு வயசு.
"எழும்பாமல் போறதும் நடக்குமோ டொக்டர்?"
"நடக்கும். சரியான குறைவு.
இரத்தம் நல்லாய் இருந்தால் இன்னும் குறைவு.
நடக்காது எண்டு சொல்லமாட்டன்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் நம்பினேன்.
ஒன்றும் நடக்காது என்று யாரும் சொல்லும் காணிக்குள்
நான் கால் வைப்பதில்லை.

பத்திரத்தில் கையெழுத்து.
வேலைக்குச் சேர்ந்த நாளும் இப்படி ஒன்று வைத்தேன்,
என்ன நேர்ந்தாலும் என்று தொடங்கும்.
நாய்க்கு நீர் யார் என்ற கட்டத்தில்
சொந்தக்காரி என்று எழுதினேன்.
எப்படி வாசித்தாலும் சரி.

பிறகு வாங்கில்.
கதவுக்கு அந்தப் பக்கம்
அவன் இதயத்தை ஒரு மெசின் எண்ணிக்கொண்டிருந்தது,
கீச், கீச், கீச்.
எங்கள் மெசின் கத்தினால் நாங்கள் உறைந்துபோவோம்.
இது கத்தாமல் விட்டால்.
எட்டு வருஷம் பழகின காதை
ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில்
மறுபக்கம் திருப்பவேண்டியிருந்தது.
இரண்டு தரம் எழும்பி நின்றுவிட்டேன்,
அசையாமல், கையிரண்டும் விலக்கி.
மருந்துக்கு வந்த கோழிக்காரர் பார்த்தார்.

கறுவல் வந்தான்.
நாக்கு ஒரு பக்கம், கால் நாலு பக்கம்.
என்னை யாரென்று தெரியவில்லை,
ஓட்டோவுக்குள் ஏற்றியபின்தான் மணந்து பார்த்தான்.
பஞ்சில் சுற்றி இரண்டு பல்,
வேரோடு, கறுப்பாய்.
அதற்கு ஐயாயிரம் கூட.
சம்பளத்தன்று தாறன் என்றேன்.
டொக்டர் கொப்பியில் என் பெயரைப் பிழையாய் எழுதினா,
திருத்தவில்லை.

பரந்தன் வரும்வரை
என் இடது கடைவாய்க் குழியில் நாக்கு ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று மாதமாய் அங்கே ஒரு கராம்பு.
பெரியாஸ்பத்திரியில் காசில்லை.
லீவுதான் வேணும்.
இந்த மாத லீவு
என் மடியில் வாணி வடித்துக்கொண்டு
குறட்டை விடுகிறது.