பால்கனி, பத்து மணிவரை

சனிக்கிழமை பத்து மணிக்கு மருந்தடிக்க வருகிறார்கள்.
லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தது.
இப்போது எட்டேகால்.

கறிவேப்பிலைத் தொட்டியின் விளிம்பில்
ஒரு குதிக்கும் சிலந்தி.
அரிசி நீளம்கூட இல்லை.
எட்டுக் கண்ணில் இரண்டை
என்மேல் வைத்திருக்கிறது.

என் கையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்.
சோர் பஜாரில்
டெலிபோன் ரிசீவர்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே கிடந்தது.
முந்நூறு என்றார்.
என்னவென்று தெரியுமா என்றேன்.
கனமாயிருக்கிறது, நல்ல சாமானாகத்தான் இருக்கும் என்றார்.

போட்டோ லேப் மெஷினின் வயிற்றுக்குள் இருந்த லென்ஸ்.
மரம், தெரு, வானம்
எதையும் நேரில் பார்த்ததில்லை.
பிலிமுக்கும் காகிதத்துக்கும் நடுவே
ஒரே தூரம், ஒரே வேலை.
அதன் வழியே போனவர்களுக்கெல்லாம்
முடி வெள்ளை, பல் கறுப்பு.
மணமக்கள் தலைகீழாகத்தான் போனார்கள்,
குரூப் போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டவனும்.

பிலிம் இருந்த இடத்தில் இப்போது பூச்சி.
காகிதம் இருந்த இடத்தில் என் கேமரா.
நடுவில் சயான் ஹார்டுவேர் கடையின் பிவிசி பைப்,
நாலு சுற்று டெஃப்லான் டேப்,
உள்ளே வெளிச்சம் சிதறாமலிருக்கக் கறுப்பு பிளவுஸ் துணி.
ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு தயிர் டப்பா.
பிளம்பர் பார்த்தால்
எங்கே ஒழுகுகிறது என்று கேட்பார்.

இதில் திருக வளையம் கிடையாது.
தெளிவு ஒரே ஓரிடத்தில் நிற்கிறது,
காகிதத் தடிமனில்.
அது நகராது. நான்தான் நகர வேண்டும்,
முட்டியால், முழங்கையால்,
கடைசியில் மூச்சால்.
இழுத்தால் கண் தெளிகிறது.
விட்டால் கண்ணைத் தாண்டி
முதுகு முடிக்குப் போய்விடுகிறது.

தட்டையை மட்டுமே அறிந்த கண்ணாடிக்கு
உருண்டையான ஒன்றைக் காட்டுகிறேன்.
ஒரு மயிரை வேரோடு எழுதுகிறது,
அடுத்த காலைப் புகையென்று விட்டுவிடுகிறது.
வாரம் முழுக்க
இன்சூரன்ஸ் ஆபீசில் நசுங்கிய பம்பர்களின் படம் பார்ப்பவள் நான்.
எல்லாம் ஓரம்வரை தெளிவாயிருக்கும்.
பாதிக்கு மேல் பொய்.

ஹார்பர் லைன் ரயில் போனால்
எங்கள் கட்டிடம் அதிராது என்றிருந்தேன்.
நான்கு மடங்கில் அதிர்கிறது.

அறுபத்தொரு படம். தேறியது இரண்டு.
ஒன்றில், அதன் பெரிய கண்ணுக்குள்
தயிர் டப்பாவின் வெள்ளை வட்டம்,
வட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி.
லென்ஸா, நானா, தெரியவில்லை.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே மணி அடித்தது.
முதுகில் மருந்து கேனோடு சோபான்.
இது என்ன பைப் என்றார்.
பாஸ்போர்ட் போட்டோ போடுகிற லென்ஸ் என்றேன்,
பாதி உண்மை.
அப்போ என்னை ஒன்று எடுங்கள்,
லைசென்ஸுக்கு வேணும்.

முகம் இதில் கொள்ளாது.
கட்டைவிரலை நீட்டச் சொன்னேன்.
அதிலும் நகத்தில் பாதிதான் கொள்கிறது,
விரலைத் திருப்பினால் ரேகை.
மேடுகளின்மேல் வரிசையாக
வியர்வை முளைத்துக்கொண்டிருந்தது.
திரையையே பார்த்தார், பிறகு விரலை.
பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.
மறுபடி எடுங்கள் என்றார்.
மறுபடியும் முளைத்திருந்தது.

அடுக்களையில் ஜெல் வைத்தார்.
பால்கனி? என்றார்.
கறிவேப்பிலை, சமையலுக்கு என்றேன்.
சமையல் செடிக்கு அடிக்கக் கூடாது என்று
அவரே சொல்லிக்கொண்டு
படிவத்தில் டிக் போட்டார்.

பக்கத்து வீட்டு மணி கேட்கிறது.
தொட்டியில் சிலந்தி இல்லை.
இரண்டு பால்கனிக்கும் நடுச்சுவரின் மேல்
முன்கால்களைத் தூக்கி
எந்தப் பக்கம் என்று அளந்துகொண்டிருக்கிறது.

கேமரா மேஜையில் கிடக்கிறது.
ஆனாலும் மூச்சை இழுத்துப் பிடித்தபடி
நிற்கிறேன்.