இரண்டு பெட்டிகள்

குஹ்மோ, அக்டோபர். கடை மேசையில்
வெய்யோ இரண்டு பெட்டிகளை நகர்த்துகிறான்.
அரக்கு பூசிய எஃகுத் தோட்டா: பாதி விலை.
பித்தளை: என் இரண்டு நாள் கூலி.

முப்பத்தொன்பதில் கடைந்த துப்பாக்கி.
அதன் கட்டையில் எவனோ
கத்தியால் 'ஐலி' என்று கீறியிருக்கிறான்.
என் பெயரல்ல.

போன வருடம் எஃகுதான்.
ஒரே வெடி. தாழ் இறுகிக்கொண்டது.
பூட்ஸால் உதைத்துத் திறப்பதற்குள்
மூஸ் சதுப்பைக் கடந்து,
நின்று,
திரும்பிப் பார்த்துவிட்டும் போனது.

"பித்தளை வெடிக்கும்போது விரியும்,
பிறகு விட்டுக்கொடுக்கும்"
என்கிறான் வெய்யோ,
மூன்று முறை மணமுறிந்தவன்.

சிரிப்பை விழுங்கிப் பணம் எண்ணுகிறேன்.

"வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வா,
திரும்ப நிரப்பித் தருகிறேன்."

முழங்கால் பனியில்
குனிந்து தேட வேண்டும்.
ஐலியைக் கீறியவனுக்கு
அதற்கு நேரம் இருந்திருக்காது.