தவிர

பதினொரு வருடமாய் இந்த ஆலயத்தில்
தலை எண்ணுகிறவள் நான்.
முதற்பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார
கடைசி வாங்கிலிருந்து எழும்பி
பேனை முனையால் காற்றைத் தொட்டுத் தொட்டு
ஆண்கள் முப்பத்தெட்டு, பெண்கள் எழுபத்திரண்டு.
பிள்ளைகள் நெளிவார்கள், குனிவார்கள்,
ஒன்று தண்ணீர் குடிக்க ஓடும்.
‘ஏறக்குறைய’ என்று எழுதிவிடுவேன்.
பதிவேடு அதற்கு மேல் கேட்பதில்லை.

போன ஞாயிறு வாசிப்பு
ஐந்து அப்பம், இரண்டு மீன்.
ஆண்களைக் கூட்டி ஐயாயிரம் என்றுவிட்டு
மற்றவர்களை ஒரே சொல்லால் ஒதுக்கும் இடம்.
தவிர.
எத்தனை தரம் கேட்ட சொல்.
அன்றைக்குத்தான்
மீன்முள்ளாய்த் தொண்டையில் குறுக்கே நின்றது.

எண்ணினவன் யார்?
அப்பத்தைப் பிட்டவர் அல்ல.
அவர் கை நீண்ட இடத்தில் இருந்தது பசித்த வாய்.
மகனா மகளா என்று பார்த்துக் கொடுத்ததாய்
எங்கும் இல்லை.
பந்தியில் இல்லாத பாகுபாடு
கணக்கில் வந்திருக்கிறது.
கணக்கெழுதியவன் என்னைப் போல் ஒருவன்,
கடைசி வாங்கில் இருந்திருப்பான்.

நிமிர்ந்து பிள்ளைகள் பக்கம் பார்த்தேன்.
எப்சிபா இல்லை.
எப்போதிருந்து?
ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
ஏறக்குறைய முப்பது. ஏறக்குறைய முப்பது.
ஏறக்குறைய முப்பது.
ஒரு பெண்பிள்ளை ஆறு கிழமை காணாமற்போக
அந்தச் சொல்லுக்குள் இடம் இருந்தது.

திங்கள் பின்னேரம் சீனன்குடாவுக்கு பஸ் எடுத்தேன்.
ஜெட்டியில் கோதுமைக் கப்பல்.
எந்த நாட்டுக் கொடியோ, தெரியவில்லை.
அது விளைந்த வயலோரத்திலும்
வழியில் நின்ற துறைமுகங்களிலும்
ஒருத்தி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு
தம்பிக்கு மாப் பிசைந்துகொண்டிருப்பாள்.
யாரோ அவளை
ஏறக்குறைய என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஞானசீலன் கதவைத் திறந்தார்.
மா ஆலை வேலை. இமைமயிரிலும் வெள்ளை.
“தாய் குவைத்தில அக்கா, ரெண்டு வருச எக்ரிமென்ற்.
சின்னவனுக்கு ஸ்கொலசிப் வருது.
ஆராவது ஒராள் வீட்டில நிக்கத்தானே வேணும்.”
ஆராவது ஒராள்.

கெட்ட மனிதர் இல்லை.
அந்தப் பெயரைத் தேடி வைத்தவரே அவர்தான்.
‘என் பிரியம் அவளில்’ என்று அதற்கு அர்த்தம்;
ஞானஸ்நானத்தன்று குரல் தழுதழுக்கச் சொன்னார்.
அதை நான் ஞாபகப்படுத்தவில்லை.
“அவள் ஸ்கொலசிப்புக்கு எத்தனை எடுத்தவள்?”
யோசிக்கவே இல்லை.
“நூற்றி எழுபத்தொண்டு.”
சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

குசினியிலிருந்து அவள் வந்தாள், வெங்காயக் கண்ணோடு.
பதினைந்து வயது.
பின்னால் கொடியில் பள்ளிக்கூடச் சட்டை
தோய்த்துக் காயப்போட்டிருந்தது.
ஆறு கிழமையாய்ப் போடாத சட்டையை
ஏன் தோய்க்கிறாய் என்று
நான் கேட்கவில்லை.

செத்துக்கிடந்த பன்னிரண்டு வயதுக்காரியைக்
கைபிடித்து எழுப்பியவர்
எழுந்த கையோடு உலைவைக்கச் சொல்லவில்லை.
அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார்.
வீட்டார் கொடுக்க, அவள் உண்ண.
அதைச் சொல்லித்தான் கேட்டேன்:
நாளைக்கு இந்த வீட்டில் சமைப்பது யார்?

“எங்கட ஆலயத்தில ஆம்பிளையள் முப்பத்தெட்டுப் பேர்.
எனக்குக் கணக்குத் தெரியும்.
ஆளுக்கு மாதம் ஒரு நாள்கூட வராது.”
அவர் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

இன்றைக்கு அந்தப் பட்டியலை வாசலில் ஒட்டினேன்.
ஆராதனை முடிய இரண்டு கையெழுத்து.
ஒன்று ஞானசீலன்.
மற்றது யாரென்று வாசிக்க முடியவில்லை.

பிள்ளைகள் வரிசைக்கு வந்தபோது
இலக்கம் போடவில்லை. பெயர்களாக எழுதினேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்து மேயும் கிழட்டு மானுக்கே
இந்தத் தெருவில் ஒரு பெயர் இருக்கிறது.
பிரசங்கம் முடிந்தும் என் எழுத்து முடியவில்லை,
கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறியது.
“சினோட் படிவத்தில இதுக்கு இடமில்லையே” என்றார் போதகர்.
இல்லைத்தான்.

நாளை விடிய ஆறே முக்கால் பஸ்.
சீனன்குடாச் சந்தியில் போய் நிற்பேன்,
பேனை இல்லாமல்,
ஒருத்தியை எண்ண.