ஏழு பேருக்கான அறை

புர்க்டோர்ஃபில் வீடு வாங்கியபோது
நிலத்துக்குக் கீழே பதுங்கறை ஒன்றும் சேர்ந்து வந்தது.
இந்த நாட்டில் குளியலறைபோல அதுவும் ஒன்று.
ஒரு சாண் தடிப்பில் சீமெந்துக் கதவு,
காற்றை வடிகட்டும் பச்சைப் பெட்டி,
சுவரில் ஒரு தகடு: ஏழு பேர்.
முந்தி இருந்தவர்கள் அதற்குள்
உருளைக்கிழங்கு வைத்திருந்தார்கள்.

"இதுதான் தியேட்டர்" என்றார் குகநேசன்.
"யன்னல் இல்லை, சத்தம் வெளியே போகாது.
சாய்மனைக் கதிரை போடுவம்,
மோட்டரில் கால் தூக்குகிற வகை."

அளவெடுக்கும் வேலை எனக்கு.
பல்லுக் கட்டும் பட்டறையில் இருப்பவள் நான்,
அரை மில்லிமீற்றர் கூடினாலே
ஒரு ஆள் ஒழுங்காய்ச் சாப்பிட மாட்டார்.
கோடு போட்ட தாளில் பென்சிலால் அடைத்தேன்:
நிமிர்ந்தால் தொண்ணூற்றைந்து,
முழுக்கச் சாய்ந்தால் நூற்று அறுபத்தெட்டு,
முதுகுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல்.
பின்வரிசைக்கு மேடை கட்டினால்
மச்சான் தயாளனின் தலை
காற்றுக் குழாயில் இடிக்கும்.
ஒரே வரிசையில் நாலு போட்டால்
நடக்க இடமில்லை.
மூன்றுதான்.

"அப்ப நாங்கள் வந்தால் நிலத்திலேயோ?"
தயாளன் இரண்டு கிழமை கதைக்கவில்லை.

நகரசபையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார்.
"சுவரில் துளை போடக்கூடாது,
ஐந்து நாளில் காலி செய்யக்கூடியதாக இருக்கவேண்டும்."
குகநேசன் அன்றிரவே
பழைய சோபாவைக் கழற்றிப் பழகினார்.
பதினாலு நிமிடம்.
"மூன்றையும் கழற்றினாலும் ஒரு மணித்தியாலம் ஆகாது,
மிச்ச நாலே முக்கால் நாளும்
தேத்தண்ணி குடிக்கலாம்."

கதிரைகள் வந்தன, கதவு இடம் தரவில்லை.
முதுகைக் கழற்றி, கையைக் கழற்றி,
தவழ வைத்து உள்ளே எடுத்தோம்.
சோலோத்தூர்னிலிருந்து வந்த இரு பெடியள்
வாசல் விளிம்பில் ஆளுக்கொரு முறை தடுக்கி விழுந்தார்கள்.

முதல் இரவு.
படம் தொடங்கி ஏழு நிமிடம்.
புரொஜெக்டர், மூன்று மோட்டர்,
ஈரம் உறிஞ்சும் பெட்டி,
எல்லாம் ஒரே பியூஸ்.
அதை மட்டும் நான் அளக்கவில்லை.

கால்கள் உயரத்தில் நின்றுவிட்டன.
அப்படி ஒரு இருட்டு,
கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்று.
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்,
ஒன்று, இரண்டு, மூன்று,
பன்னிரண்டில் நிறுத்தி,
மறுபடி ஒன்றிலிருந்து.
அந்த வருடங்களில் நான் கொழும்பில் இருந்தவள்.
எதற்கும் எதற்கும் இடையில் எண்ணுவது அது
என்று எனக்குத் தெரியாது.
அவர் கையைத் தேடினேன்,
என் கை கோப்பை வைக்கும் குழிக்குள் போனது.

மேலேயிருந்து அபிரா
போன் வெளிச்சத்தோடு இறங்கி வந்தாள்:
"ரெண்டு பேரும் என்ன,
கவிழ்ந்த கரப்பான் மாதிரி?"

அடுத்த சனிக்கிழமை, என்னிடம் கேட்காமல்,
கதிரைகளை மறுபக்கம் திருப்பினார்.
திரை இப்போது கதவுக்குப் பக்கத்தில்.
வயர் எல்லாம் புதிதாக.
கதவு திறக்கும் இடத்துக்காக
நூற்றிருபது அங்குலத் திரை நூறாகிவிட்டது.
"கதவு தெரியவேணும்" என்றார்,
வேறொன்றும் சொல்லவில்லை.

கடி சரியில்லையென்றால்
நாங்கள் வாயைக் குறை சொல்வதில்லை.
மெழுகைத்தான் திரும்பச் செதுக்குவோம்.
தாளை அழித்து மறுபடி வரைந்தேன்.
பியூஸுக்கும் ஒரு கோடு.

நேற்று தயாளன் குடும்பம் வந்தது.
கதிரையில் மூன்று பேர், மெத்தையில் மூன்று பேர்.
ஏழாவது இடத்தில் ஈரம் உறிஞ்சும் பெட்டி.
"கதவைச் சாத்தினால்தானே சத்தம் நல்லாயிருக்கும்"
என்றார் தயாளன், காலை நீட்டியபடி.

ஒருவரும் எழும்பவில்லை.